துணிக்குக் காவல்

போகும்போதே கட்டுரையை எழுதி முடித்துவிட்டிருந்தேன். தாளில் அல்ல, மனசுக்குள். 2019 டிசம்பர் கடைசி வாரம். சிகாகோவிலிருந்து விஸ்கான்ஸின் டெல்ஸ் என்ற ஊருக்கு மகனுடைய காரில் போய்க்கொண்டிருந்தோம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பிரயாணம். அறுவடை முடிந்த சோள வயல்களில் பனி கிடந்தது. அந்த ஊரில் ஒரு விடுதி, விடுதிக்குள்ளேயே கூரை போட்ட நீர் விளையாட்டுப் பூங்கா, பேத்தியின் விடுமுறைக்காக அங்கே இரண்டு இரவுகள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கட்டுரைக்கு இது போதுமாக இருந்தது.

ஏனென்றால் அதே வருஷம் ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் அநேகமாக வறண்டுபோயிருந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று தெரியாமல் நானும் மனைவியும் முறைவைத்து விழித்திருந்தோம். குடத்தில் விழும் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லக் கற்றிருந்தோம். அப்படிப்பட்டவனை, பிள்ளைகளின் தலைமேல் ஆயிரம் கேலன் வாளியைக் கவிழ்த்து விளையாடும் இடத்துக்குக் கூட்டிப்போனால் கட்டுரை தானாக எழுதிக்கொண்டுவிடும். இந்தப் பக்கங்களை வாசிப்பவர்கள் தலையாட்டுவார்கள் என்றும் தெரியும். தலையாட்டல் நிச்சயம் என்று தெரிந்து எழுதப்படும் கட்டுரைகளைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருப்பவன் நான். ஆனாலும் அந்த ஆசை விடவில்லை.

விடுதியில் ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். அறைக் கதவுக்கும் பூங்காக் கதவுக்கும் அதுவே சாவி. கதவு திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. உள்ளே நம் ஊர் மார்கழிப் பகல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டபோது முதலில் வந்தது காட்சியல்ல, வாசனை. குளோரின் வாசனை என்று நாம் நினைப்பது குளோரினுடையது மட்டும் அல்ல. வேர்வையோடும் மூத்திரத்தோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனுடையது. சுத்தத்தின் வாசனை என்று நான் எண்ணியிருந்தது மனிதர்களின் வாசனையாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு சத்தம். மணி ஒன்று அடிக்கும், எல்லாப் பிள்ளைகளும் ஓரிடத்துக்கு ஓடுவார்கள், மேலே வாளி சாயும். மொத்தத் தண்ணீரும் ஒரே துண்டாக வந்து விழும்.

என் கணக்கு அங்கேயே இடறிவிட்டது. விழுந்த தண்ணீர் எங்கும் போவதில்லை. வடிகட்டப்பட்டு, மருந்து சேர்க்கப்பட்டு, மீண்டும் அதே வாளிக்கு ஏறுகிறது. ஆவியாகிறதும் உடம்போடு ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறதும்தான் நஷ்டம். அங்கே நிஜமாகச் செலவாவது வெப்பம். பனிக்காலத்தின் நடுவே ஒரு மைதானமளவு காற்றைச் சூடாக்கி, அதன் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். கண்டிக்க இதிலும் விஷயம் உண்டு. ஆனால் குடத்தையும் வாளியையும் அருகருகே வைத்து நான் தயாரித்திருந்த வாக்கியம் உபயோகமில்லாமல் போயிற்று.

ஊரே ஓர் ஆற்றால் உண்டானது. பனியுகத்தின் முடிவில் பெரிய ஏரியொன்று உடைத்துக்கொண்டு மணற்பாறைகளை அறுத்துப் போன வழியில்தான் விஸ்கான்ஸின் ஆறு ஓடுகிறது. 1931 வரை ஊருக்குக் கில்போர்ன் சிட்டி என்று பெயர். அந்தப் பாறைகளைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். அவர்களை வரவழைத்ததில் எச்.எச். பென்னட் என்ற புகைப்படக்காரருக்குப் பெரிய பங்கு. கோடை போனால் ஊர் அடங்கிவிடும். 1990-களில் விடுதிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரையே கூரைக்குள் கொண்டுவந்தபோது குளிர்காலத்திலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றைப் பார்க்க வந்தவர்களுக்குப் பின்னால் ஆற்றைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் வந்தார்கள். நாங்களும் அப்படித்தான் திரும்பினோம்.

முதல்நாள் ராத்திரி சாப்பிடப் போன இடத்தின் சுவரில் பென்னட்டின் பிரசித்தமான படம் ஒன்று மாட்டியிருந்தது. 1886-இல் எடுத்தது. குன்றை விட்டுத் தனியாக நிற்கும் ஸ்டாண்ட் ராக் என்ற பாறைக்கு ஒரு பையன் தாவுகிறான். இரு பக்கமும் கால் பாவாமல் அந்தரத்தில் நிற்கிறான். அசைந்தால் படம் கலங்கிவிடும் காலத்தில், தானே செய்த விரைவு மூடியைக் கொண்டு அந்தக் கணத்தைப் பென்னட் நிறுத்திவிட்டார். தாவும் பையன் அவருடைய மகன் ஆஷ்லி. இப்போது கோடையில் படகில் வருகிறவர்களுக்கு, பழக்கிய நாயொன்று அதே இடைவெளியைத் தாண்டிக் காட்டுகிறதாம். பேத்திக்கு நாய் விஷயம்தான் பிடித்திருந்தது. மகன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க அப்பாவே தாண்டச் சொல்லியிருக்காரு" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

1989 கோடை. அவனுக்குப் பத்து வயசு. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. கூப்பிடு தூரத்தில் தாமிரவருணி. என் சித்தப்பா மகன் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் பழக்குவான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் படித்துறையிலிருந்து தள்ளிவிடுவான். நாலைந்து நாளில் குடுக்கையை அவிழ்த்துவிடுவான். "அண்ணே, பையனை விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டான். தண்ணீர் மாறினால் காய்ச்சல் வரும் என்று சொல்லி நான் மறுத்தேன். அந்த லீவு முழுவதும் என் மகன் மருதமர நிழலில், படித்துறையின் மேல்படியில், மற்றப் பிள்ளைகளின் சட்டை டிராயர்களுக்குக் காவல் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

மறுநாள் பூங்காவில் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றான். நாற்பது வயசு. ஏழு வயசுப் பேத்தி, நீச்சல் வகுப்புக்குப் போகிறவள், ஜாக்கெட் இல்லாமல் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "டாடி, முகத்தை உள்ள வை, மூச்சை விடு" என்று தனக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் குரலில் சொன்னாள். அவன் முகத்தைத் தண்ணீருக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோய் எடுத்துவிட்டான். கரையில் நின்ற லைஃப் கார்டு பெண் தலையை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் திருப்பிக்கொண்டே இருந்தாள். தன் எல்லைக்குள் ஆபத்தைப் பத்து நொடிக்குள் கண்டுபிடித்து அடுத்த இருபது நொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று இவர்களுக்குப் பயிற்சியில் ஒரு கணக்கு உண்டு. அவள் பார்வை என் மகன்மேல் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகத் தங்கியது போலிருந்தது.

தண்ணீரில் இறங்க மறுத்துவிட்ட என் மனைவி நாற்காலியில், எல்லாருடைய துண்டுகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னைக்கு அவன் துணிக்குக் காவல் இருந்தான். இன்னைக்கு நான் இருக்கேன். நீங்க போங்க." முப்பது வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போனேன். பூங்காவைச் சுற்றி 'லேஸி ரிவர்' என்று ஒரு வாய்க்கால். பம்புகள் தள்ளும் தண்ணீர் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் டியூபில் உட்கார்ந்துவிட்டால் போதும், செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஊற்றும் கிடையாது, கடலும் கிடையாது. புறப்பட்ட படிக்கே திரும்பி வரும் ஆறு. பிளாஸ்டிக் பாறை, பிளாஸ்டிக் ஈச்ச மரம். போலி என்ற சொல்லை நாம் எத்தனை சுலபமாகக் கையாண்டிருக்கிறோம்! அந்தச் சொல்லுக்காகவே செய்துவைத்த இடம் போலிருந்தது. மகனும் ஒரு டியூபில் வந்து என் டியூபின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இரண்டும் சேர்ந்து மிதந்தன. அவனும் நானும் ஒரே தண்ணீரில் இருந்தது அதுதான் முதல்தடவை.

இரண்டாவது சுற்றில் கேட்டான்: "அன்னைக்கு ஏம்ப்பா வேண்டாம்னீங்க?"

"காய்ச்சல் வரும்னுதான்" என்றேன்.

"ம்" என்றான். கைப்பிடியை விடவில்லை. இன்னும் இரண்டு சுற்று போனோம்.

காய்ச்சல் அல்ல. எனக்கு நீந்தத் தெரியாது. அப்பாவின் உத்தியோகம் சேலம், தர்மபுரி என்று நீந்தப் பழக வழியில்லாத இடங்களில். ஊருக்கு வரும் லீவுகளில் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பதினாலு வயசில் குடுக்கை கட்டிக்கொள்ள வெட்கம். அதற்குப் பிறகு அந்த ஆற்றைப் பற்றிக் கவிதைகள் எழுதினேன். அவற்றில் நான் அக்கரை வரை நீந்துகிறேன், சுழலுக்குள் போய்க் கண் திறக்கிறேன். அனுபவத்தின் நேரடித்தன்மை என்று நண்பர் ஒருவர் அவற்றைச் சிலாகித்து எழுதினார். அடுத்தவர்களின் கவிதைகளில் அனுபவம் இரவல் என்று நானும் பலதடவை எழுதியிருக்கிறேன். பையன் நீந்தப் பழகினால் ஒருநாள் நடு ஆற்றிலிருந்து "அப்பா, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுவான். படித்துறையில் ஊரே நிற்கும். அதற்காகத்தான் அவனை மேல்படியில் உட்காரவைத்தேன். பென்னட் தன் படத்துக்காக மகனைத் தாவவைத்தார். நான் என் கவிதைகளுக்காக மகனை உட்காரவைத்தேன். அவர் செய்ததைச் சரியென்று சொல்ல வரவில்லை. அவருடைய படமாவது நிஜம்.

அசலான ஆற்றங்கரையில் நான் போலியாக நின்றிருந்தேன் என்பது அந்த வாய்க்காலில் மிதந்தபோதுதான் உறைத்தது. அதனால் அந்த வாய்க்கால் அசலாகிவிடாது. அது நீந்தத் தெரியாதவர்களுக்காக வெட்டியது. அங்கே யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகை இருந்தும் என்னால் மகனிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

திரும்பும் காலையில் பாலத்தின்மேல் கார் போனபோது விஸ்கான்ஸின் ஆறு கீழே தெரிந்தது. ஓரங்களில் உறைந்து, நடுவில் கறுப்பாக ஓடியது. நிறுத்தட்டுமா என்று மகன் கேட்டான். குளிரும், வேண்டாம் என்றேன்.

சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன். முந்நூறு பேர் வாசிக்கும் பத்திரிகையில் ஒப்புக்கொள்வது சௌகரியமான காரியம் என்று தெரியும். அவனுக்கு இது வருவதில்லை. இந்த இதழில் ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொல்லி மனைவி விலாசம் எழுதி வைத்திருக்கிறாள். உறை மேஜைமேல் இருக்கிறது.