வேர்வழியும் சார்வழியும்

ஊருக்குப் புதியவர் ஒருவர் வழி வினவுமிடத்து நாம் இருவகையாக விடை கூறுவதுண்டு. "இவ்விடத்திலிருந்து வடக்கே சென்று இரண்டாம் ஒழுங்கையில் திரும்புக" என்பது ஒன்று. "பெருஞ்சந்தியிலிருந்து மூன்றாம் வீடு" என்பது மற்றொன்று. முன்னையது கேட்பவர் நிற்குமிடத்தைப் பொறுத்தது. பின்னையது எங்கு நிற்பவர்க்கும் ஒன்றே. இணையத்தளம் அமைப்போர் தம் கோப்புகளுக்கு வழி குறிக்குமிடத்தும் இவ்விரு முறைகளே உள.

1989 ஆம் ஆண்டில் ஜெனீவாவின் அருகேயுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ உலகளாவிய வலைக்கு வித்திட்டார். சார்வழி முகவரிகளுக்கான விதிகளை 1995 இல் றோய் பீல்டிங் தனி ஆவணமாக வகுத்தார்; 2005 இல் வெளியான பொது நியமத்தில் அவை இன்றும் உள. 'படங்கள்/முகப்பு' என எழுதின், அவ்வழி வாசிக்கப்படும் பக்கத்தின் கோப்புறையிலிருந்து எண்ணப்படும். இரு புள்ளிகள் இட்டால் ஒரு படி மேலேறும். சாய்கோட்டுடன் தொடங்கும் வழியோ தளத்தின் வேரிலிருந்தே எண்ணப்படும்.

சில ஆண்டுகளின் முன், பழைய மலர்கள் சிலவற்றைப் பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்றும் பணியில் யானும் கைகொடுத்தேன். நண்பர் ஒருவர் அனைத்தையும் வேர்வழியாலேயே எழுத விரும்பினார். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. பொதுவான தலைப்பகுதி எத்தனை படி கீழேயுள்ள பக்கத்திற் சேர்ந்தாலும் பிழையாது. பக்கத்தை வேறு கோப்புறைக்கு மாற்றினும் படங்கள் மறையா. ஆயினும், இணைய வசதியற்ற முதிய ஆசிரியர்களுக்கு அம்மலர்களைப் பென் டிரைவில் கொடுக்க எண்ணியிருந்தோம். வழங்கியின்றித் திறக்கும்போது அச்சாய்கோடு தளத்தின் வேரைக் காட்டாது. வட்டின் வேரையே காட்டும். படம் ஒன்றேனும் தோன்றாது. தளம் முழுவதையும் வேறொரு தளத்தின் உட்கோப்புறையில் வைப்பினும் அதுவே கதி.

ஆதலின், மலர்களின் பக்கங்களையும் படங்களையும் சார்வழியாற் பிணைத்தோம். இணையத்தில் மாத்திரம் இயங்கும் பொதுப் பக்கங்களை, சிறப்பாகப் "பக்கம் இல்லை" எனும் 404 அறிவிப்பினை, வேர்வழியால் அமைத்தோம். அவ்வறிவிப்பு எம்முகவரியின் கீழும் தோன்றக்கூடியதாகலின், சார்வழி அதற்கு உதவாது.

இத்துறையிற் புகும் மாணவர்கள் எம்முறை உயர்ந்தது என வினவாது, எவை ஒருங்கே பெயரும், எவை நிலையாக நிற்கும் என ஆராய்வாராக. தம் ஆசானின் நிழற்படத்தைக் காண மலரைத் திறக்கும் முதியவர், நாம் இட்ட சாய்கோட்டை அறியார். அவர் வேண்டுவது அம்முகம் ஒன்றே.