மாட்டுக்கொட்டிலிற் பிறந்த படங்கள்

பணமில்லை யென்று கூறிச் சென்ற வருஷம் மாணவர் நாடகத்தைக் கைவிடச் செய்தவன் யானே. அதன் பின்னரே ஸ்மால்ஃபிலிம்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியின் வரலாற்றைப் படித்தேன். படித்தது முதல் மனம் உறுத்துகின்றது.

1959-ஆம் ஆண்டில் ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபர்மின் என்னும் இருவர் குழந்தைகட்குத் தொலைக்காட்சிப் படங்கள் எடுக்கலாயினர். காண்டர்பரி நகரையடுத்த பிளீன் என்னும் ஊரில், ஃபர்மினுடைய பழைய மாட்டுக்கொட்டிலே அவர்கள் கலைக்கூடம். போஸ்ட்கேட் கதை யெழுதிப் படம்பிடித்துக் குரலுங் கொடுப்பார். ஃபர்மின் சித்திரமும் பொம்மையுஞ் செய்வார். 1969-இல் வெளிவந்த 'கிளாங்கர்ஸ்' தொடரின் பொம்மைகளுக்குக் கம்பளி பின்னியவர் ஃபர்மினின் மனைவியார். அப்பொம்மைகள் பேசுவது சீழ்க்கையொலியால். ஆயினும் உரையாடலை முதலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே குழல் ஊதினர். அதில் ஒரு வசைச்சொல் இருந்ததென்று பி.பி.சி.யார் ஆட்சேபித்தனராம், கேட்போர் செவியில் விழுவது சீழ்க்கையன்றி வேறென்ன!

'பாக்பஸ்' என்னும் பூனைக்கு முதலிற் கருதிய நிறம் செம்மஞ்சள். துணிக்குச் சாயமேற்றியதில் நேர்ந்த பிழையால் அஃது இளஞ்சிவப்பாய் வந்தது, அவ்வாறே வைத்துக்கொண்டனர். 1974-இல் எடுத்தவை 13 பகுதிகளே. 1999-இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் குழந்தை நிகழ்ச்சிகளுள் முதலிடம் பெற்றதும் அதுவே. போஸ்ட்கேட் 2008-இலும் ஃபர்மின் 2018-இலும் காலமாயினர்.

மாணவர் எழுதித் தந்த நாடகப் பிரதி இன்னும் என் மேஜையறையிற் கிடக்கின்றது. நேற்று அதனை வெளியே எடுத்துவைத்தேன்.