நிற்கும் இடமும் செல்லும் வழியும்

கணிப்பொறித் துறையினர் எழுதவேண்டிய ஒரு பொருளைத் தமிழ்த் துறையைச் சார்ந்த நாம் எழுதப் புகுந்தமை கண்டு மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பட்டறிவு ஒன்றே நமக்குரிய தகுதி.

பழம் பனுவல்கள் சிலவற்றிற்குச் சொல்லடைவு தொகுக்கும் பணியை மேற்கொண்டிருந்தோம். அதற்கென மாணவர் ஒருவர் சி மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதித் தந்தார். பழைய வெளியீட்டை அழிப்பது, நிரலை இயங்குநிலைக்குக் கொணர்வது, பனுவல்களைப் படித்துப் புதிய சொல்லடைவை ஆக்குவது ஆகியவற்றை வரிசையாகச் செய்யும் கட்டளைக் கோப்பினையும் அவரே அமைத்தார்.

அதில் ஒவ்வொரு கோப்புறையின் முகவரியும் முழுமையாக எழுதப்பட்டிருந்தது. சாய்கோட்டில் தொடங்கி, வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கி, நமது பெயரிலான கோப்புறை வழியே செல்லும் முகவரி அது. இதனை முழுப்பாதை எனலாம். எங்கு நின்று அழைத்தாலும் அது ஒரே இடத்தையே சுட்டும். நமது மேசையில் குறையின்றி இயங்கிற்று. ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிக்குக் கொண்டுசென்றபோதோ முதல் வரியிலேயே தடுமாறியது. அங்கே நமது பெயரில் கோப்புறை ஏது?

ஆகவே முகவரிகளையெல்லாம் சார்புப் பாதைகளாக மாற்றச் செய்தோம். "இங்கிருந்து இரண்டு வீடு தள்ளி" என்று வழி சொல்வது போன்றது அது. ஒற்றைப் புள்ளி நிற்கும் கோப்புறையையும், இரட்டைப் புள்ளி அதற்கு மேலுள்ள கோப்புறையையும் குறிக்கும். எந்தக் கணிப்பொறிக்கும் பெயர்த்துச் செல்லலாம் என்று மகிழ்ந்தோம். ஆனால் "இங்கு" என்பது எந்த இடம்? கட்டளைக் கோப்பு கிடக்கும் இடமன்று. அதனை இயக்குபவர் அவ்வேளையில் நிற்கும் இடம். இவ்வேறுபாட்டை நாம் அன்று அறிந்திலோம்.

2022ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மாணவியர் இருவர் மூன்று வாரம் அமர்ந்து பனுவல்களைப் பிழைதிருத்தினர். இறுதி நாளில், ஆவல் மிகுதியால், பனுவல் கோப்புறையில் நின்றவாறே நாம்தாம் கட்டளைக் கோப்பை அழைத்தோம். "வெளியீடு என்னும் கோப்புறைக்குள் செல்க" என்றது முதல் வரி. பனுவலுக்குள் அப்படியொரு கோப்புறை இல்லை. ஷெல் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றது. அடுத்த வரியோ, "இங்குள்ள அனைத்தையும் அழிக்க" என்பது.

கண்ணிமைக்கும் நேரந்தான். மூன்று வார உழைப்பு மறைந்தது. நம்மிடம் எஞ்சியது விடுமுறைக்கு முந்தைய படி ஒன்றே. மறுநாள் அவ்விருவரையும் அழைத்துக் குறை நம்முடையது என்றோம். வேறு சொல் வரவில்லை. "பாதிக்கு மேல் தாளில் திருத்தியதுதானே, ஐயா, பார்த்து மீண்டும் ஏற்றிவிடலாம்" என்றார் ஒருவர். மற்றவர் நேராகக் கணிப்பொறியிலேயே திருத்தியவர். அவர் ஒன்றும் பேசவில்லை.

கட்டளைக் கோப்பைப் பின்னர்த் திருத்தினோம். இயங்கத் தொடங்கியதும் அது, தன்னை அழைத்த பெயரைக் கொண்டு தான் இருக்கும் கோப்புறையை அறிந்து, அதன் முழுப்பாதையை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும். ஏனைய இடங்கள் யாவும் அம்மாறியிலிருந்தே தொடங்கும். கோப்புறைக்குள் நுழைய இயலாவிடில் அங்கேயே நின்றுவிடும். மாறி வெறுமையாயின் அப்போதும் நின்றுவிடும். இல்லையேல் முகவரியில் முதற்கண் எஞ்சுவது சாய்கோடு, அதாவது வேர். அங்கிருந்து அழிக்கத் தொடங்கினால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டா. கோப்புறைப் பெயரில் இடைவெளி இருப்பின் அதனை ஷெல் இரு பெயராகப் பிளந்துவிடும் என்பதால் மேற்கோள் குறியும் இட்டோம்.

பின்னாளில் மேக் என்னும் கருவிக்கு மாறினோம். 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய அக்கருவியும் நம்மைச் சோதிக்காமல் விடவில்லை. இயல்பாக அது ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஷெல்லில் இயக்கும். முதல் வரியில் வேறு கோப்புறைக்குச் சென்றால், அடுத்த வரி தொடங்கும்போது பழைய இடத்திலேயே நிற்போம். இரு கட்டளைகளையும் ஒரே வரியில் இணைத்தாலன்றிப் பயனில்லை என்பதை அறிய ஒரு பகல் கழிந்தது.

சொல்லடைவு 2023இல் நிறைவுற்றது. பனுவல்களின் படி ஒன்று வேறொரு வட்டிலும் இருக்கிறது. அவ்வட்டின் பாதையைக் கட்டளைக் கோப்பில் எங்கும் எழுதவில்லை.