பழைய வண்டியும் புதிய கண்ணும்

பழகிய பொருளின் குறை பழகியவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வீட்டுக் கதவு கிறீச்சிடுவதை அன்று வந்த விருந்தாளி உடனே கேட்டுவிடுகிறார். அவ்வீட்டில் இருபதாண்டு வாழ்ந்தவர் செவிக்கு அது எட்டுவதில்லை. கதவைப் பொறுத்தவரை இதனால் பெருந்தீங்கு ஏதுமில்லை. நாள்தோறும் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளிலோ இந்தப் பழக்கம் உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும். ஆகவேதான் பழைய வண்டியை உரியவரல்லாத வேறொருவர் பார்த்துச் சான்று தரவேண்டும் என்று நாடுகள்தோறும் விதி வகுத்திருக்கிறார்கள்.

அரபு நாடுகளில் வாகனப் பரிசோதனையை 'ஃபஹ்ஸ்' என்னும் சொல்லால் குறிக்கின்றனர். மண்ணைக் கீறுதல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். கல்கௌதாரிப் பறவை முட்டையிடுவதற்கெனத் தரையைக் கீறி அமைத்துக்கொள்ளும் குழிக்கு 'உஃப்ஹூஸ்' என்ற பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். மேற்பரப்பைக் கீறினாலன்றி உள்ளிருப்பது தெரியாது என்பதால், ஆராய்தலுக்கும் அச்சொல்லே ஆகிவந்தது. பாடம் நடத்தும்போது இந்தச் சொல்லுக்கு நாம் பறவையை உதாரணம் காட்டுவதுண்டு. அண்மைக் காலமாக மோட்டார் சைக்கிளையும் சேர்த்துக் காட்டுகிறோம். அதற்கொரு காரணம் உண்டு.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய், ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அப்படியானால், முதல் பதினைந்தாண்டுகளில் பிரேக்கையோ விளக்கையோ சட்டப்படி பார்த்தாக வேண்டியவர் எவருமில்லை. இடையில் வாங்கும் புகைச் சான்று வண்டி விடும் மூச்சை மட்டுமே அளக்கிறது. 2000க்குப் பின் வந்த பழைய நாற்சுழற்சி வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது போன்ற அளவுகளோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் வழி வேறு. 1960இல் அங்கே கட்டாயப் பரிசோதனை தொடங்கியபோது, பத்தாண்டு கடந்த வண்டிகளையே பிரேக், விளக்கு, திருப்பும் பாகங்கள் இவற்றுக்காகப் பார்த்தனர். 1967இல் அந்த வரம்பு மூன்றாண்டாகக் குறைந்தது. இன்று மூன்றாண்டு முடிந்த வண்டி ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்கிறது. 2018 முதல் குறைகளை அபாயக் குறை, பெருங்குறை, சிறுகுறை என்று பிரித்தும் எழுதுகிறார்கள். இவற்றோடு 'கவனித்து வருக' என்றொரு குறிப்பும் உண்டு. தேறிய வண்டிதான், ஆனால் இந்தப் பாகம் தேய்ந்து வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் நல்லுரை அது. அந்த ஏற்பாடு நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது.

இனி நாம் நேரில் கண்டதைச் சொல்வோம். நம் மைத்துனர் 2003இல் வாங்கிய நூறு சி.சி. வண்டியை இரண்டாம் முறை புதுப்பிக்க வேண்டிய காலம் 2023இல் வந்தது. நாமும் உடன் சென்றிருந்தோம். வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்று யாவும் ஒழுங்காக இருந்தன. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளும் கையில் இருந்தது. ஆய்வாளர் அவசரப்படாத மனிதர். தாள்களைச் சரிபார்த்த பின், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரம் தரையை விட்டு எழும்படி பின்புறத்தை அழுத்தச் சொன்னார். ஹேண்டில் பாரை இரு விரலால் மெல்லத் திருப்பினார். நடுவே வந்ததும் அது 'கடக்'கென்று ஓரிடத்தில் நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தபோது பின் விளக்கு எரியவில்லை. பின் டயரில் நடுவரி மழுங்கியிருந்தது. மூன்றையும் சரிசெய்து கொண்டுவரும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்.

மைத்துனருக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபது வருசமா நான்தான் சார் ஓட்டுறேன். எனக்குத் தெரியாத குறையா?" என்றார்.

"நீங்களே தினம் ஓட்டுறதாலதான் சார் உங்களுக்குத் தெரியல" என்றார் ஆய்வாளர்.

கோபமின்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பரிசோதனை என்பதன் தத்துவம் முழுவதும் அடங்கியிருந்தது. அதன் உண்மை மெக்கானிக் கடையில் வெளிப்பட்டது. கோன் செட்டைக் கழற்றிய மெக்கானிக், கிரீஸைத் துடைத்து அந்தக் கிண்ணத்தை மைத்துனர் உள்ளங்கையில் வைத்தார். இரும்புக் குண்டுகள் ஓடும் வழியில் வரிசையாகச் சிறு குழிகள். "பாய், இது ஒரு நாள்ல வந்ததில்ல. நேராப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துலயும் குண்டு அதே இடத்துல அடிச்சு அடிச்சுக் குழி பறிச்சிருக்கு. உங்க கை அதுக்கேத்த மாதிரிப் பழகிப்போச்சு" என்றார். அந்த வண்டியின் பின்னிருக்கையில்தான் மைத்துனரின் மகள் தினமும் பள்ளிக்குச் சென்று வந்துகொண்டிருந்தாள். மைத்துனர் அந்தக் கிண்ணத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின் நம்மிடம், "மச்சான், அந்த ஆளு நல்லதுதான் செஞ்சிருக்காரு" என்றார்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் தோன்றும் குறைகள் யாவும் இத்தகையனவே. பிரேக் ஷூ தேயத் தேயப் பிடியின் தளர்ச்சி மிகுகிறது. கை சற்றே கூடுதலாக இழுக்கக் கற்றுக்கொள்கிறது. மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடக்கும். பிடிப்பு அரை நொடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் போய்விட்டது. அந்த ஐந்தரை மீட்டருக்குள் ஒரு குழந்தை நின்றிருக்கலாம். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் கிழிந்தால் எண்ணெய் கசிந்து குழாயில் பளபளக்கும். பார்ப்பவருக்கு அது துடைத்து வைத்த பளபளப்பாகவே தோன்றும். ஹெட்லைட்டின் உட்புறக் கண்ணாடிப் பூச்சு மங்கும்போது ஒளி சிறுகச் சிறுகக் குறைகிறது. உரியவரோ வயது ஏறுவதால் தம் கண்தான் மங்குகிறதென்று எண்ணிக்கொள்கிறார். பிரேக் விளக்கு எரிகிறதா என்பதை ஓட்டுகிறவர் தம் இருக்கையிலிருந்து ஒருபோதும் காண இயலாது. அது பின்னால் வருபவருக்கான விளக்கு.

டயர் விஷயத்தில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. குறைவாக ஓடிய பழைய வண்டியில் வரிகள் ஆழமாகவே இருக்கும். ஆனால் ரப்பர் முதுமையடைந்து பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களைப் பார்த்தால் அதன் வயது தெரியும்: 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில் செய்தது. வரியின் ஆழத்துக்கு இங்கிலாந்தின் விதி, டயர் அகலத்தில் முக்கால் பங்கிலாவது 1 மில்லி மீட்டர் வேண்டும் என்கிறது.

இவ்வளவு நன்மையுள்ள பரிசோதனையை நம்மவர் சிலர் ஒரு சடங்காக்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு வண்டியின் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது, அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்குவது, இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிழலில் நிற்பது என்று எத்தனையோ வித்தைகள். ஆய்வாளரை ஏமாற்றலாம், சாலைத் திருப்பத்தை ஏமாற்ற முடியுமா? 20 ஆண்டு கடந்த இரு சக்கர வண்டிக்குப் புதுப்பித்தல் கட்டணம் 2025இல் 2000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அவ்வளவு பணம் கட்டியும் வண்டியைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் வெறுந்தாளோடு திரும்புவதைப் போன்ற நட்டம் வேறில்லை.

தவிரவும், சான்று என்பது அந்த ஒரு நாளின் நிலையைத்தான் சொல்கிறது. அடுத்த ஐந்தாண்டுக்கு அது பொறுப்பேற்பதில்லை. எனவே அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாளில், ஆண்டுக்கொருமுறை, உங்கள் வண்டியை இதுவரை தொட்டிராத ஒருவரிடம் கொடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரைத் திருப்பிப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து விளக்கைப் பார்க்கட்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து பேரிங்கைச் சோதிக்கட்டும். செயினின் தொய்வையும், ஸ்போக்ஸ் கம்பிகளின் இறுக்கத்தையும், பிரேக் கேபிளின் பிசிறையும் காணட்டும். அவர் குறை சொன்னால் மைத்துனரைப் போல் முதலில் முகம் சிவக்கத்தான் செய்யும். பாதகமில்லை, சிவந்த முகத்தோடே மெக்கானிக் கடைக்குப் போய்விடுங்கள்.