ஏழு ரேஸ், ஏழு குதிரை

எங்கள் மாமா வீட்டில் "ரேஸ்" என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. சொன்னால் அத்தை பேசாமல் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். மாமா கையில் இருக்கும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஊரப்பாக்கத்தில் அவர்கள் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு மனை காணாமல் போன கதை முழுவதும் அந்த இரண்டெழுத்தில் இருக்கிறது.

நான் காட்டாங்குளத்தூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். 2024 ஜனவரியில், முதல் வருடம் படிக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா அறைக்கு வந்தார். மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வருகிற வழி. கட்டிலில் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்தார். மறுநாள் கிண்டியில் நடக்கப் போகும் பந்தயங்களுக்கான ரேஸ் புத்தகம்!

"நீ ஏதோ டேட்டா சயின்ஸ்னு படிக்கிறியேடா... இதுல எது ஜெயிக்கும்னு போட்டுப் பாரேன்."

நான் உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "போட்டுத் தரேன் மாமா. ஆனா பென்சில்லதான். பத்து பைசா கட்டக் கூடாது" என்றேன். ஏழு ரேஸில் ஏழும் தோற்றால் மனிதருக்குத் தானாகவே வெறுத்துவிடும் என்பது என் கணக்கு. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை.

ரேஸ் புத்தகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு பட்டியல். குதிரையின் பெயர், வயது, நிறம், தாய் தகப்பன், உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை, எந்தக் கதவிலிருந்து கிளம்பும் என்ற எண், கடைசியாக ஓடிய சில பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது... ஒரு ஜாதகத்துக்கு வேண்டிய அத்தனையும் இருக்கும் :-)

இதில் முக்கியமானது எடை. பெரும்பாலான ரேஸ்கள் 'ஹேண்டிகேப்' வகை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமையைப் பார்த்து ஒரு ரேட்டிங் கொடுப்பார்கள். இந்தியாவில் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரைக் கிலோ. அதாவது 60 ரேட்டிங் உள்ள குதிரை, 50 ரேட்டிங் உள்ள குதிரையை விட 5 கிலோ அதிகம் சுமக்க வேண்டும். நல்ல குதிரைக்கு எடையை ஏற்றி, சுமாரான குதிரைக்கு எடையைக் குறைத்து, எல்லாம் ஒரே கோட்டில் வந்து சேரும்படி செய்வதுதான் ஹேண்டிகேப் போடுகிறவரின் வேலை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் நம்மால் எந்தக் குதிரையையும் தேர்ந்தெடுக்கவே முடியாது! நாம் தேடுவது அவர் கண்ணுக்குத் தப்பியதை மட்டும்தான்.

அன்றிரவு நான் தேடினேன். இளம் குதிரையாக இருந்து போன தடவை நெருக்கத்தில் தோற்றிருந்தால் ஒரு மதிப்பெண். ரேட்டிங் குறைந்து கீழ் வகுப்புக்கு இறங்கி வந்திருந்தால் ஒன்று. இதே தூரத்தில் முன்பு ஜெயித்திருந்தால் ஒன்று. பயிற்சி ஜாக்கி ஓட்டுவதால் எடைச் சலுகை கிடைத்தால் அரை. காலைப் பயிற்சியில் 600 மீட்டரை 40 விநாடிக்குள் சிரமமில்லாமல் ஓடியதாகப் பேப்பரில் வந்திருந்தால் இன்னொன்று. 1200 மீட்டரில் நன்றாக ஓடும் குதிரையை 1600 மீட்டரில் இறக்கியிருந்தால் ஒன்றைக் கழித்தேன். பன்னிரண்டு மணிக்கு ஏழு ரேஸுக்கு ஏழு குதிரை தயார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு ஆசையாக உட்கார்ந்ததில்லை.

மறுநாள் ஏழில் இரண்டு ஜெயித்தது. ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொண்டால் போட்டது 700. ஜெயித்த குதிரைகள் திருப்பிக் கொடுத்தது ஒன்று 160, இன்னொன்று 210. ஆக மொத்தம் கையில் 370, நஷ்டம் 330. இதைப் பெரிய எழுத்தில் எழுதி மாமாவிடம் காட்டினேன்.

மாமா நஷ்டத்தைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு ஜெயிச்சிருக்குடா!" என்றார்.

திருக்குறளில் சூது என்று ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. அதில் வள்ளுவர் சூதாட்டத்தின் தோல்வியை விட வெற்றியைக் கண்டுதான் பயப்படுகிறார். தூண்டிலில் மாட்டிய இரும்பை மீன் இரையென்று விழுங்குவது போலத்தான் அந்த வெற்றி என்கிறார். பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது புரியவில்லை. அன்று புரிந்தது. ஏனென்றால் தூண்டிலில் இரை மாட்டிக் கொடுத்தது நான்!

அடுத்த வாரம் நான் மறுபடியும் பட்டியல் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மாமா கேட்டார் என்பது பாதி உண்மை. என் முறை சரியா என்று பார்க்கும் ஆசை மீதி உண்மை. ஒவ்வொரு ரேஸுக்கும் முதல் குதிரை, இரண்டாவது குதிரை என்று இரண்டிரண்டு எழுதிக் கொடுத்தேன். மாமா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் டிரெயின் ஏறிக் கிண்டிக்குப் போய்விட்டார், என்னிடம் சொல்லாமல்.

அவர் கட்டியது ஜாக்பாட். தொடர்ந்து ஐந்து ரேஸில் ஐந்து வெற்றியாளரையும் சரியாகச் சொல்ல வேண்டும். ரேஸுக்கு இரண்டு குதிரை என்றால் ஐந்து ரேஸுக்கு 32 சேர்க்கைகள். அத்தனைக்கும், அதுவும் பல மடங்காகக் கட்டியிருக்கிறார். அந்த ஐந்தில் மூன்று ரேஸில் என் பட்டியல் சரியாக வந்தது. முதல் வாரத்தை விட நல்ல தேர்ச்சி! ஆனால் ஜாக்பாட்டில் ஐந்துக்கு மூன்று என்றால் பூஜ்ஜியம். எட்டாயிரம் ரூபாய் போனது. அத்தை சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்.

உலகம் முழுவதுமே, அதிகம் பேர் நம்பும் குதிரை சுமாராக மூன்று ரேஸுக்கு ஒன்றில்தான் ஜெயிக்கிறது. மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பை ஐந்து தடவை பெருக்கினால் 243இல் ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு அன்றும் தெரியும். ரேஸுக்கு இரண்டு குதிரை எழுதிக் கொடுத்ததால் வாய்ப்பு கூடும், ஆனால் கட்டும் பணமும் கூடவே 32 மடங்காகும்.

குதிரைப் பந்தயம் சூதாட்டமா, திறமையா என்று நம் ஊரில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1974இல் கலைஞர் ஆட்சியில் பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் வந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு. குதிரையின் வேகம் பயிற்சியால் வருவது, ஓட்டுகிறவருக்கும் திறமை வேண்டும், எனவே இது பெரும்பாலும் திறமையைச் சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம். மாமாவுக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்பார்.

நீதிமன்றம் சொன்னது சரிதான் என்பது என் அனுபவம். குதிரையைத் தேர்ந்தெடுக்க அறிவு உதவுகிறது. கண்ணை மூடிக் கை வைத்திருந்தால் பத்துக் குதிரை ஓடும் ரேஸில் பத்தில் ஒன்றுதான் சரியாக வரும். எனக்கு அதை விட நன்றாகவே வந்தது. ஆனால் குதிரையைச் சரியாகச் சொல்வது வேறு, பணம் ஜெயிப்பது வேறு. 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் கண்டுபிடித்த முறைதான் இன்றைய 'டோட்'. எல்லோருடைய பணமும் ஒரே பானையில் விழும். அதில் கிளப்பின் பங்கையும் வரியையும் எடுத்துவிட்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நான் ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்துக் கண்டுபிடித்த நல்ல குதிரையை இன்னும் ஆயிரம் பேர் கண்டுபிடித்திருப்பார்கள். அதனால்தான் 100க்கு 160. எல்லோருக்கும் தெரிந்த உண்மைக்கு விலை கிடையாது. தப்பித் தவறி என் அறிவு கூட்டத்தின் அறிவை விடக் கொஞ்சம் உசத்தி என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கொஞ்சத்தை வரி விழுங்கிவிடும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

இதற்கிடையில் கிண்டியின் நிலையே மாறிவிட்டது. 1945இல் ஆரம்பித்து 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த 160 ஏக்கர் நிலத்தை, 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்று சொல்லி 2024 செப்டம்பரில் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவிப்பும் வந்தது. செய்தியைப் படித்துவிட்டு மாமா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மாணிக்கவாசகர் கதையில் நரியெல்லாம் பரியாகும். அரண்மனை லாயத்தில் ராத்திரியானதும் பரியெல்லாம் பழையபடி நரியாகி ஊளையிடும். என் பட்டியலும் அப்படித்தான். அறையில் இருந்தவரை கணிதம். மாமாவின் பைக்குள் போனதும் வேறு ஒன்றாகிவிட்டது.

அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன், அந்தப் பட்டியல் எழுதியது நான்தான் என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ப்ளஸ் டூ பையன்களுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த மூவாயிரத்தை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. சாப்பாடு போட்டார். ரசம் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டார்:

"ஏன்டா, அஞ்சுக்கு மூணு சரியா எழுதினா காலேஜ்ல பாஸ்தானே?"

"பாஸ்தான் அத்தை."

"அப்போ அங்கயே எழுது" என்றார்.