மணிக்கும் முகம் உண்டு

எங்க பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கொண்டுவந்த பெட்டியில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன இடுக்கியும் ஒரு டப்பா பித்தளை மணியும் இருந்தன. அங்கே ஆற்றில் டிரவுட் பிடிக்கப் பூச்சி கட்டியவர். இங்கே டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரிக்கு ஏறணும். அதனால் ஏரி ஜிலேபிக்குக் கட்டினார்.

நிம்ஃப் என்பது தண்ணீருக்கடியில் வாழும், இறக்கை முளைக்காத இளம்பூச்சி. கோழி இறகில் நாலு இழை வால். உடம்புக்கு மயில்தோகை இழை. மீன் பல் பட்டால் அது அறுந்துவிடும் என்பதால், மேலே எதிர்ச்சுற்றாகச் செம்புக்கம்பி. எரிந்துபோன ஃபேன் காயிலில் உருவியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் சாயர் நூலே இல்லாமல் செம்புக்கம்பியால் மட்டும் நிம்ஃப் கட்டினார். பெரியப்பாவுக்கு அவர்மேல் தனி மரியாதை.

மணிதான் கஷ்டம். ஒரு பக்கத் துளை சின்னது, மறுபக்கம் அகலம். முள்நுனியில் சின்னத் துளையை முதலில் கோக்கணும். மாற்றிக் கோத்தால் மணி முள்ளின் காதுமேல் ஏறிக்கொள்ளும். "மணிக்கும் முகம் இருக்குடா" என்று என் தலையில் குட்டுவார்.

பக்கத்து அரிக்கமேட்டில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். அந்த மாதிரி ஒன்றைக் கோத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணாடி லேசு. பித்தளைதான் சட்டுனு அடிக்குப் போகும்."

மிதப்புத் தக்கை கிடையாது. பூச்சி அடியில் இறங்கியதும் நூலைக் கையால் மெதுவாக இழுக்கணும். போய்க்கொண்டிருக்கும் நூல் ஒரு கணம் நிற்கும். அதுதான் கடி.

போன மாசி மாசம் அவர் கட்டிவைத்த ஆறு பூச்சியில் நாலில் மணி திரும்பியிருந்தது. கண் மங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. சொல்ல மனசு வரல. ராத்திரி நாலையும் பிரித்துக் கட்டி, டப்பாவில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

காலையில் ஏரிக்கரையில் ஒன்றை எடுத்து, மணிக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தால் தடவினார்.

"இது என் முடிச்சு இல்லையே."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை?"

"நாலு, பெரியப்பா."

ஒன்றும் சொல்லாமல் தங்கூஸில் முடிந்து வீசினார். நூலை விரலிடுக்கில் பிடித்தபடி, "நீ நூலைப் பாரு, நின்னா சொல்லு" என்றார்.