இரண்டு கதிரைகள்

வீடு மாறிப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஓர் உண்மை உண்டு. ஒருவரிடம் உள்ள பொருள்களின் தொகை, தம்மிடம் இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருக்கும் தொகையிலும் மும்மடங்காகும்! வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில், பிறர் வீட்டு மேன்மாடத்து ஒற்றையறையில் ஐந்தாண்டுகள் குடியிருந்த நாம், "எம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு பெட்டியும் ஒரு பாயுந்தானே" என்று கேட்பவரிடமெல்லாம் பெருமை பேசிவந்தோம். சென்ற மாதம் தெஹிவளைக்குக் குடிபெயர நேர்ந்தபோது அந்த ஒரு பெட்டி பதினேழு பெட்டிகளாயிற்று. எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத நான்கு திறப்புகள், மூடியற்ற டப்பாக்கள், டப்பாக்களற்ற மூடிகள், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய மிளகாய்த்தூளின் வெற்றுப் போத்தல்கள் — இவை யாவும் எமது ஆதனங்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

வீட்டுக்கார அம்மாவின் மீது எமக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. அவரது மகன் குடும்பத்துடன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறார். பெற்ற மகனுக்கு இல்லாத இடம் வாடகைக்கு இருப்பவர்க்கு ஏது? எனவே வீடு தேடப் புறப்பட்டோம். தரகர்களின் தமிழ் தனித் தமிழ் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. "கடற்காற்று வரும் வீடு" என்றால், ஐந்து நிமிடத்துக்கொருமுறை ரயிலோசையும், யன்னற் கம்பிகளைத் தின்னும் உப்புக் காற்றும் சேர்ந்து வரும் என்று பொருள். "அமைதியான இடம்" என்றால், பேருந்துக்காகக் காலி வீதி வரை கால்மணி நேரம் நடக்கவேண்டும் என்று பொருள். முற்பணம் என்ற சொல்லுக்கு மாத்திரம் எல்லாத் தரகர்களிடத்தும் ஒரே பொருள்தான். அதைக் கேட்டதும் எமக்குத் தண்ணீர் விடாய்த்தது.

ஆனால், வாசகர்களே, வீடு தேடும்போது எமது மனத்தில் இருந்த அளவுகோல் வாடகையன்று, தண்ணீர் வசதியுமன்று. "விறாந்தையில் இரண்டு கதிரைகள் போட இடமுண்டா?" என்பதே அது. அந்த அளவுகோலை எமக்குத் தந்தவர் ஒருவர் உண்டு. அவரைப்பற்றிச் சொல்லவேண்டுமானால் முதலில் ஓய்வு நேரத்தைப்பற்றிச் சொல்லவேண்டும்.

கொழும்பில் தனியே வாழும் இளவயதினர்க்கு ஓய்வு என்பது ஒரு பெருஞ்சுமை. கிழமை நாட்களில் அலுவலகம் எம்மைச் சுமக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை நாமே சுமக்கவேண்டும். உடுப்புத் தோய்த்து, சோறு வடித்து, அம்மாவுடன் தொலைபேசியிற் கதைத்து முடித்தாலும் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். அந்நாட்களில் எமக்குப் புகலிடமாயிருந்தது, 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். அங்கே ஒரே நாளிதழின் ஒரே பக்கத்துக்காக இருவர் காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் நாம், மற்றவர் அவர். நூலகத்திற் பேசலாகாது என்பதால் துண்டுத் தாளில் எழுதிக் கேட்டார்: "வாசித்து முடித்துவிட்டீர்களா?" நாமும் எழுதியே விடை கொடுத்தோம். அன்று தொடங்கிய துண்டுத் தாள்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. கைத்தொலைபேசியில் ஆயிரஞ் செய்திகள் பின்னர் வந்தன, அழிந்தன. தாள்களை அழிக்க எமக்கு மனம் வரவில்லை.

2022ஆம் ஆண்டை இந்நாட்டில் வாழ்ந்தவர் எவரும் மறவார். எரிவாயு இல்லை, எரிபொருள் இல்லை, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமும் இல்லை. நாடே துன்புற்ற அந்நாட்களில், ஒளித்து வைப்பானேன், நாம் மாத்திரம் சற்றே மகிழ்ந்திருந்தோம். அறையின் வெக்கை தாளாமல் ஊரே கடற்கரைப் பக்கம் வந்து நின்ற இரவுகளில் அவரும் வந்தார். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருளில் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் அரிசி விலையைப்பற்றியே பேசினோம். எனினும் அரிசி விலையை அத்துணை இனிமையாகப் பேச இயலும் என்பதை அதற்குமுன் நாம் அறிந்திருந்ததில்லை.

காதல் என்றால் திரைப்படங்களிற் காண்பதுபோல் மழையும் பாட்டுமாக வரும் என்று பதினேழு வயதில் எண்ணியிருந்தோம். இருபதுகளின் இறுதியில் அது வேறு உருவத்தில் வருகிறது. வீடு மாறப்போகும் செய்தியைச் சொன்னபோது அவர், "விறாந்தையில் இரண்டு கதிரை போட இடமிருக்குமா எண்டு பாருங்கோ" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் வேறொன்றும் கேட்கவில்லை. எட்டு வீடுகளை வேண்டாமென்று விட்டு ஒன்பதாவது வீட்டுக்கு முற்பணம் கொடுத்தோம்.

இங்கேதான் சிக்கல். எமது ஊர் உரும்பிராய். அவரது ஊர் மட்டக்களப்பு. அம்மாவோ இரண்டு ஆண்டுகளாக எமது சாதகத்தின் படியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவர். "எந்த ஊர்ப் பிள்ளை?" என்பதே அவர் வாயில் வரும் முதற் கேள்வியாயிருக்கும். அதற்கஞ்சி மூன்று ஆண்டுகளாக நாம் வாய் திறக்கவில்லை.

வீடு மாறுவதற்கு உதவியென்று அம்மா இரவுப் பேருந்தில் வந்திறங்கினார். வந்ததும் சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு பெட்டி கட்டத் தொடங்கினார். அவர் கட்டிய வேகத்தைக் கண்டு வியந்தோம். "பழக்கந்தான் பிள்ளை" என்றார். சிறிது நேரத்தில் அந்தச் சப்பாத்துப் பெட்டி அவர் கைக்கு வந்தது.

"இதென்ன?"

"பழைய பில்லுகள், அம்மா."

அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, கேளாத ஒரு கதையைச் சொன்னார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள் என்பதை நாம் அறிவோம். நாம் பிறந்தது அடுத்த ஆண்டில். எமது பெற்றோர் அன்றிரவு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் என்பதும் தெரியும். தெரியாதது இதுதான்: கோப்பாயிலிருந்த அப்பா, திருமணத்துக்குமுன் பக்கத்து ஊரிலிருந்த அம்மாவுக்கு ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதம் எழுதியிருந்தாராம்!

"சைக்கிளிலை ஒரு சாமானுக்குத்தான் இடம். ஒரு கையிலை கடிதப் பெட்டி, மற்றக் கையிலை அரிசிப் பானை. முத்தத்திலை நிண்டு யோசிச்சன். பிறகு பெட்டியை வைச்சிட்டு வந்திட்டன். திரும்பி வரேக்கை வீட்டிலை கூரையே இல்லை. பெட்டி எங்கை இருக்கப்போகுது?"

"கவலையாயில்லையா அம்மா?"

"கடிதம் எழுதின மனிசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலை வருது. பிறகென்ன கவலை?"

நாம் ஒன்றும் பேசவில்லை. லொறியும் சாரதியும் வைத்து, நாள் பார்த்து, பதினேழு பெட்டிகளுடன் நான்கு கட்டை தூரம் போவதை இடப்பெயர்வு என்று நாம் புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து நாணினோம்.

மறுநாள் புதிய வீட்டில் நிறைகுடம் வைத்து, உப்பும் மஞ்சளும் அரிசியும் முதலில் உள்ளே கொண்டுசென்று, அம்மா பால் காய்ச்சினார். பால் பொங்கியதும் விறாந்தைக்கு வந்தார். அங்கே எமது பழைய கதிரைக்கு அருகில், அன்று காலை வாங்கிய புதிய கதிரையொன்று இருந்தது.

"ஒரு ஆளுக்கு ஏன் ரண்டு கதிரை?"

இனியும் பில்லென்று சொல்ல வாய் வரவில்லை. நூலகத்திலிருந்து மின்வெட்டு வரை யாவற்றையும் சொன்னோம். அம்மா நாம் எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார். "மட்டக்களப்பு" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. புதிய கதிரையில் அமர்ந்து, அதன் கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். பலமானதுதானா என்று சோதிப்பவர்போல.

"அப்பாவோடை நான் கதைக்கிறன். சாதகக் கதை பிறகு பாப்பம். முதல்லை அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."

இது சம்மதமா என்று கேட்டால் எமக்குத் தெரியாது. கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. ஆனால் திறப்பு பூட்டுக்குள் நுழைந்துவிட்டது.

இவ்வரிகளை எழுதும் இவ்வேளை சனிக்கிழமை இரவு. பெட்டிகளிற் பாதி இன்னும் அவிழ்க்கப்படவில்லை. குசினியில் அம்மா நாளைய சமையலுக்குப் புளி ஊறப்போடுகிறார். நாமோ விறாந்தையைத் துடைத்துவிட்டு வந்து நின்று பார்க்கிறோம். அவரும் நாமும் அமர்ந்தால் அம்மா எங்கே அமர்வார்? எட்டு வீடு பார்த்து இடம் அளந்த எமக்கு, மூன்றாவது கதிரையொன்று வேண்டும் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.